தலையிடிச்சா வாயைத் திறந்து சொல்லுங்கோ: மலை நடை, வாசகர் கேள்வி பதில்

போன இதழிலை நான் நேபாளத்திலை இருக்கிற எவரெஸ்ட் பேஸ் காம்புக்கு (மலையடி முகாமுக்கு) நடந்து போய் வந்த கதையை எழுதினாப் பிறகு இவ்வளவு கடிதம் வரும் எண்டு நினைக்கேல்லை. பனையை விட உயரமா ஏதும் பாக்க வேணுமெண்டா கோயில் கோபுரமும் தண்ணித் தாங்கியும்தான் எண்டு இருக்கிற ஊர், அந்த ஊர்ப் பிள்ளையள் 5000 மீற்றருக்கு மேல போக ஆசைப்படுறது எனக்குச் சரியான சந்தோசம். எல்லாத்துக்கும் பதில் எழுத இடம் காணாது, திரும்பத் திரும்ப வந்த கேள்வியளை மட்டும் எடுத்திருக்கிறன்.

அக்கா, நாங்கள் நாலு பெடியள், எல்லாருக்கும் 27, 28 வயசு. கிழமையிலை மூண்டு நாள் ஃபுட்போல் விளையாடுறம், ஜிம்முக்கும் போறம். ஏப்ரலிலை எவரெஸ்ட் பேஸ் காம்ப் போக பிளான். பிளேனாலை இறங்கி நடை தொடங்கிற லுக்ளாவிலை இருந்து திரும்பி லுக்ளா வர 12 நாள் எண்டு சொல்லினம், எங்கட உடம்புக்கு 8 நாளிலை முடிக்கலாம் எண்டு ஒரு ஃப்ரெண்ட் சொல்லுறான். லீவும் குறைவு. டயமொக்ஸ் எண்ட குளிசை போடலாமோ? என்ன சொல்லுறியள்?
(கோண்டாவில் வாசகர்)

தம்பி, லீவு குறைவெண்டா இந்த வருசம் போகாதேங்கோ, அடுத்த வருசம் லீவு சேத்துக்கொண்டு போங்கோ. மலை அங்கயேதான் நிக்கும்.

ஏன் இப்பிடிச் சொல்லுறன் எண்டா, மேல போகப் போகக் காத்திலை இருக்கிற ஒட்சிசன்ர வீதம் மாறாது, இஞ்ச பண்ணைக் கடற்கரையிலையும் 21 வீதம்தான் அங்கயும் 21 வீதம்தான், ஆனா காத்தின்ர அமுக்கம் குறையுது, அதாலை ஒரு மூச்சிலை உள்ள போற ஒட்சிசன் குறையுது. பேஸ் காம்ப் 5364 மீற்றர், அங்க இஞ்ச கிடைக்கிறதிலை அரைவாசியை விடக் கொஞ்சம்தான் கூடக் கிடைக்கும். உடம்பு இதுக்குப் பழகும், வடிவாப் பழகும், ஆனா அதுக்கு நாள் வேணும், அந்த நாளை ஜிம்மிலை போய் முன்கூட்டியே வாங்கேலாது. ஃபுட்போல் விளையாடுற காலும் நெஞ்சும் நடக்கிறதுக்கு உதவும், உயர வருத்தத்தை, அதுதான் உயரத்துக்கு உடம்பு பழகாமல் வாற வருத்தத்தை, தடுக்காது. சொல்லப்போனா இளம் பெடியளுக்குத்தான் ஆபத்துக் கூட, ஏனெண்டா கால் களைக்காததாலை கெதியா ஏறிப்போடுவினம்.

டொக்டர்மார் சொல்லுற கணக்கு இதுதான்: 3000 மீற்றருக்கு மேல போனாப் பிறகு, இண்டைக்குப் படுக்கிற இடம் நேற்றுப் படுத்த இடத்தை விட 500 மீற்றருக்கு மேல கூடக் கூடாது, மூண்டு நாலு நாளைக்கு ஒருக்கா ஒரே இடத்திலை ரெண்டு இரவு தங்க வேணும். பகலிலை உயரப் போய்ப் பாத்திட்டுக் கீழ வந்து படுக்கலாம், அது நல்லதும் கூட. வழியிலை படுக்கிற ஊருகளின்ர உயரம் இது: லுக்ளா 2860 மீற்றர், நாம்சே பசார் 3440, திங்போச்சே 4410, லொபுச்சே 4940, கோரக் ஷெப் 5164. அந்த 12 நாள் பிளானிலை நாம்சேயிலையும் திங்போச்சேயிலையும் ரெண்டு ரெண்டு இரவு வைச்சிருப்பினம், உங்கட ஃப்ரெண்ட் வெட்டச் சொல்லுறது அந்த நாளுகளைத்தான். அதுகளை வெட்டினா பயணத்தின்ர உயிரையே வெட்டின மாதிரி.

என்ர கதையிலை நான் எழுதாமல் விட்ட ஒரு விசயத்தை இப்ப சொல்லுறன். திங்போச்சேயிலை ரெண்டாம் நாள் பின்னேரம் எனக்குப் பின்மண்டையிலை தலையிடி. சொன்னா எல்லாரையும் மறிச்சுப்போடுவன் எண்ட பயத்திலை சொல்லேல்லை. இரவு உள்ளி சூப் கொண்டு வந்து வைச்சினம், ரெண்டு கரண்டியோட தள்ளி வைச்சிட்டன். வழிகாட்டித் தம்பி அந்தக் கோப்பையைப் பாத்திட்டு "ஓகேயா" எண்டு மூண்டு தரம் கேட்டான், மூண்டு தரமும் ஓம் எண்டன். நித்திரையும் இல்லை, கண் அயரேக்க மூச்சு நிண்டு நிண்டு, பிறகு திடுக்கெண்டு பெரிய மூச்சொண்டு இழுத்துக்கொண்டு எழும்புறது (அந்த மூச்சு விளையாட்டு மட்டும் எண்டா உயரத்திலை கனபேருக்கு வாறதுதான், பயப்படத் தேவையில்லை). விடிய எழும்பி வெளியில வந்து கல்மதிலைப் பிடிச்சுக்கொண்டு சத்தி எடுத்தன். அதுக்குப் பிறகு மறைக்க ஏலுமே? என்னைக் கொஞ்சம் கீழ இருக்கிற பெரிச்சேக்குக் கூட்டிக்கொண்டு போனாங்கள், அங்க 1973இலை இருந்து வேலை செய்யிற ஹிமாலய மீட்புச் சங்கத்தின்ர சின்ன கிளினிக் இருக்குது, சீசன் காலத்திலை டொக்டர்மார் நிப்பினம். "தலையிடி முழுசா மாறும் வரைக்கும் ஒரு அடியும் மேல போகக் கூடாது" எண்டிட்டா அந்த டொக்டர். ரெண்டு இரவு கிடந்தன், மாறினது, பிறகு ஏறினன். முதல் நாளே சொல்லியிருந்தா ஒரு நாளோட முடிஞ்சிருக்கும்.

அதாலை தம்பி, நாலு பேரும் வெளிக்கிட முன்னமே பேசி வைச்சுக்கொள்ளுங்கோ, ஆருக்குத் தலையிடிச்சாலும் உடன சொல்லுறது, சொன்னவனை ஒருத்தரும் நக்கலடிக்கிறேல்லை எண்டு. உயரத்திலை தலையிடியோட பசியில்லாமல் போறது, ஓங்காளம், தலைச்சுத்து, அடிச்சுப்போட்ட மாதிரிக் களைப்பு, இதிலை ஏதும் சேந்து வந்தா அது உயர வருத்தம் எண்டே வைச்சுக்கொள்ளுங்கோ, வெயில் பட்டது தடிமன் பிடிச்சது எண்டு சாட்டுச் சொல்லக் கூடாது. அந்த இடத்திலயே நிண்டு பாக்கலாம், கூடினா இறங்க வேணும்.

ரெண்டு விசயம் வந்தா நிண்டு பாக்கிற கதையே இல்லை. ஒண்டு, ஆள் தள்ளாடுறது, கதை குழறுறது, நேர்கோட்டிலை ஒரு காலின்ர பெருவிரலுக்கு முன்னால மற்றக் காலின்ர குதிக்காலை வைச்சு நடக்கச் சொன்னா விழப் பாக்கிறது: அது மூளையிலை நீர் வைக்குது. மற்றது, சும்மா இருக்கேக்கயும் இளைக்கிறது, விடாத இருமல், சளி ரோஸ் நிறத்திலை நுரைச்சு வாறது: அது நெஞ்சிலை நீர். ரெண்டுக்கும் இரவோ மழையோ பாக்காமல் உடன இறக்குங்கோ, ஒட்சிசனும் மருந்தும் இருந்தாக் குடுக்கலாம்தான், ஆனா அதுக்காகக் காத்துக்கொண்டு இறக்காமல் இருக்கக் கூடாது. தனிய அனுப்பவும் கூடாது.

உயர வருத்தம் வராமல் தடுக்கப் போடுற டயமொக்ஸ் குளிசை பற்றியும் கேட்டிருந்தியள். அது உண்மையிலயே உதவும், தடுப்புக்கு வழக்கமா 125 மில்லிகிராம் ஒரு நாளைக்கு ரெண்டு தரம், ஏறத் தொடங்க முதல் நாளே ஆரம்பிக்கிறது. விரல் நுனியள் விறுவிறுக்கும், அடிக்கடி சலம் போகும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாத ஆக்கள் கட்டாயம் டொக்டரிட்டைச் சொல்ல வேணும். இஞ்சயே டொக்டரைக் கண்டு எழுதுவிச்சுக்கொண்டு போங்கோ, காத்மண்டுவிலை கடையிலை வாங்கலாம் எண்டு இருக்காதேங்கோ. குளிசை போட்டிட்டம் எண்டு 8 நாளிலை ஓடலாம் எண்டும் நினைக்காதேங்கோ.

அக்கா, நான் நெல்லியடி. எங்களுக்கு ஏறிப் பழக மலையே இல்லையே, எங்க போய் பயிற்சி எடுக்கிறது? ஆறு மாசம் இருக்கு.
(24 வயது வாசகி)

பிள்ளை, உங்களுக்குப் பக்கத்திலதானே மணற்காடு! அந்த மணல் மேடுகளை விட நல்ல பயிற்சி இடம் குடாநாட்டிலை எனக்குத் தெரியாது. ஒரு அடி வைச்சா அரை அடி பின்னுக்குச் சறுக்கும், பத்து நிமிசத்திலை கெண்டைக்கால் எரியும். காலமை வெயில் ஏற முதல் போங்கோ, கூட ஆரையும் கூட்டிக்கொண்டு போங்கோ. பாக்குக்குள்ள தண்ணிப் போத்தல் நிரப்பிக் கொண்டு போங்கோ, முதல் மாசம் 3 கிலோ, பிறகு மெல்ல மெல்ல 6, 7 கிலோ, மலையிலை உங்கட முதுகிலை வாறது அவ்வளவுதான், மிச்சம் போர்ட்டர் தூக்குவார். தண்ணி எண்டா ஒரு வசதி, முழங்கால் நோகுதெண்டா ஊத்திப்போட்டு வரலாம்.

மற்றது படி. வீட்டுப் படியோ ஒரு பலமான வாங்கோ 20 சென்ரிமீற்றர் உயரம் எண்டு வைச்சா, 5 தரம் ஏறினா ஒரு மீற்றர், 1500 தரம் ஏறினா 300 மீற்றர். இது அலுப்பான வேலைதான், பாட்டைப் போட்டிட்டு ஏறுங்கோ. இறங்குறதையும் பழகுங்கோ, மெல்ல, கட்டுப்பாடா, ஏனெண்டா மலையிலை முழங்கால் போறது ஏறேக்க இல்லை, இறங்கேக்கதான். கிழமையிலை ஒரு நாள் வல்லைவெளியாலை எதிர்காத்துக்கு சைக்கிள் மிதிச்சா நெஞ்சுக்கு நல்லது, அந்தக் காத்து உங்களுக்கு நான் சொல்லித் தெரியத் தேவையில்லை. ஒரு நாள் மட்டும் நீண்ட நடை, அஞ்சு ஆறு மணித்தியாலம், அடுத்த நாளும் எழும்பி ரெண்டு மணித்தியாலம் நடவுங்கோ. மலையிலை நேற்று நோ எண்டு இண்டைக்கு லீவு இல்லை.

எல்லாம் செய்தாப் பிறகு சிவனொளிபாத மலைக்கு ஒருக்காப் போட்டு வாங்கோ. மார்கழிப் பறுவத்திலை இருந்து வெசாக் வரைக்கும் சீசன், நல்லதண்ணிப் பக்கத்தாலை ஏறினா ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் செங்குத்தா ஏறுறியள், 5000க்கு மேல படி. உச்சி 2243 மீற்றர். உயர வருத்தம் பொதுவா 2500க்கு மேலதான் தொடங்கும், அதாலை அங்க தலையிடிக்கேல்லை எண்டு பெருமைப்பட ஒண்டுமில்லை, ஆனா காலும் சப்பாத்தும் எப்பிடி எண்டு அங்க தெரிஞ்சிடும். நான் முதல் தரம் அங்க போய் ரெண்டு பெருவிரல் நகமும் கறுத்து வந்தனான், சப்பாத்து ஒரு சைஸ் சின்னன். அது நேபாளத்திலை நடந்திருந்தா மூண்டாம் நாள் திரும்பியிருப்பன்.

தங்கச்சி, நான் ஓய்வு பெற்ற ஆசிரியர், 64 வயது. பிரசரும் சலரோகமும் இருக்கு, ரெண்டும் கட்டுப்பாட்டிலை. சாக முதல் திருக்கயிலாயம் போய் மலையைச் சுத்தி நடந்து பரிக்கிரமை செய்ய வேணும் எண்டது என்ர நீண்ட நாள் ஆசை. இது மலையேற்றம் இல்லை, யாத்திரைதானே எண்டு பிள்ளையளுக்குச் சொல்லுறன், அவை விடினமில்லை.
(சுன்னாகம் வாசகர்)

மாஸ்டர், உங்கட ஆசை எனக்கு விளங்குது, எங்கட அம்மாவும் அந்த ஆசையோடதான் போனவ. ஆனா பிள்ளையள் பயப்படுறதிலை நியாயம் இருக்கு. மானசரோவர்க் கரையே ஏறத்தாழ 4590 மீற்றர். பரிக்கிரமை 52 கிலோமீற்றர், மூண்டு நாள், ரெண்டாம் நாள் கடக்கிற டொல்மா கணவாய் 5630 மீற்றர், நான் போன பேஸ் காம்பை விட உயரம். யாத்திரை எண்டாலும் உடம்புக்கு அது மலையேற்றம்தான்.

இன்னும் ஒண்டு. நாங்கள் நடந்து ஏறினதாலை உடம்பு மெல்ல மெல்லப் பழகினது, கயிலாயத்துக்குப் பெரும்பாலும் வாகனத்திலை கொண்டு போவினம். காத்மண்டுவிலை இருந்து தரை வழியாப் போனா, எல்லை கடந்து திபெத்திலை இருக்கிற கேருங்கிலை 2800 மீற்றர் அளவிலை படுத்திட்டு அடுத்த இரவு சாகாவிலை ஏறத்தாழ 4500 மீற்றரிலை படுக்கிற மாதிரி பிளான் போடுற ஆக்கள் இருக்கினம். ஒரே நாளிலை 1700 மீற்றர் கூடுது, இருக்கையிலை இருந்துகொண்டு போறதாலை களைப்பும் தெரியாது. ஆரோட போறதெண்டாலும் முதல் கேக்க வேண்டிய கேள்வி காசு இல்லை மாஸ்டர், ஒவ்வொரு இரவும் எங்க படுக்கிறம், அது எத்தினை மீற்றர், கேருங்கிலை ரெண்டு மூண்டு இரவு நிக்க விடுவியளோ எண்டதுதான். அதுக்கு நேரான பதில் சொல்லாதவையோட போகாதேங்கோ. நேபாளத்திலை மாதிரி ஹெலிகொப்டர் வந்து தூக்கிக்கொண்டு போகும் எண்டு திபெத் பக்கத்திலை நம்பியிருக்கேலாது, அங்க ஜீப்பிலைதான் இறக்க வேணும்.

முதல் வேலையா உங்கட டொக்டரிட்டைப் போய் இருதயப் பரிசோதனை, ஓடிப் பாக்கிற ஈசீஜியும் சேத்துச் செய்யுங்கோ. பிரசர் குளிசையளிலை சிலது நாடித் துடிப்பைக் கூட விடாது, உயரத்திலை துடிப்புக் கூடத்தான் வேணும், அதையும் கேளுங்கோ. இன்சுலின் போடுறியள் எண்டா அது உறைஞ்சா பழுதாப் போகும், இரவிலை உடம்போட அணைச்சு வைச்சுக்கொண்டு படுக்க வேணும், சீனி பாக்கிற மெசினும் குளிருக்குப் பிழையான நம்பர் காட்டும் அல்லது காட்டவே காட்டாது, அதையும் சேட்டுப் பொக்கற்றுக்குள்ள வையுங்கோ. மலையேறத் தொடங்கினா சாப்பாடும் குறையும், நடையும் கூடும், சீனி திடீரெண்டு இறங்கப் பாக்கும்.

டொக்டர் ஓம் எண்டாலும், மூண்டு நாளும் சுத்தினாத்தான் போனது சரி எண்டு மனசிலை வையாதேங்கோ. முதல் நாள் போய்ச் சேருற டிராபுக்கிலை இருந்து கயிலையின்ர வடக்கு முகம் நேர எதிரில தெரியும், கன படத்திலை நீங்கள் பாக்கிற முகம் அது. அங்க நிண்டு கும்பிட்டிட்டுத் திரும்பி வாற ஆக்கள் கனபேர். அப்பர் சுவாமிகள் காலும் கையும் நெஞ்சும் தேயத் தேய உருண்டு போய் வழியிலை கிடந்தார், ஆண்டவன் அவரை மேல வரச் சொல்லேல்லை, திரும்பத்தான் சொன்னவர், கயிலைக் காட்சியைத் திருவையாத்திலை குடுத்தவர். நீங்கள் படிப்பிச்ச கதைதானே மாஸ்டர்.

கனடாவிலை இருக்கிற மச்சான் தன்ர விண்டர் ஜக்கெற் ஒண்டு அனுப்பியிருக்கிறார், அது காணுமோ?
(மானிப்பாய் வாசகர்)

இரவிலை லொட்ஜுக்குள்ள குந்தியிருக்க நல்லம், நடக்கேக்க உதவாது. ஒரு பெரிய ஜக்கெற்றை விட மூண்டு மெல்லிசு உடுப்பு மேலுக்கு மேல போடுறதுதான் சரி, ஏறேக்க வேர்த்தாக் கழட்டலாம், நிண்டாப் போடலாம். உடம்போட ஒட்டி இருக்கிறது பருத்தியா இருக்கக் கூடாது, எங்கட ஊருக்குப் பருத்திதான் சொகுசு, ஆனா மலையிலை அது வேர்வையைக் குடிச்சு ஈரமா ஒட்டிக்கொண்டு நிக்கும், காத்தடிச்சா உடம்பு விறைக்கும். மச்சானிட்டை ஜக்கெற்றுக்குப் பதிலா கம்பளி உள்ளுடுப்பு ரெண்டும் கம்பளி சொக்ஸ் நாலு சோடியும் கேளுங்கோ. இறகு அடைச்ச ஜக்கெற்றும் படுக்கிற பாக்கும் காத்மண்டு தமேலிலை வாடகைக்கு எடுக்கலாம். சப்பாத்து மட்டும் இஞ்சயே வாங்கி மூண்டு மாசமாவது போட்டு நடந்து பழக்கிக்கொண்டு போங்கோ. வெயில் கண்ணாடி நல்லது ஒண்டு வேணும், ஆயிரம் மீற்றர் ஏற ஏற புறஊதாக்கதிர் பத்து வீதம் அளவிலை கூடும், பனி அதைத் திருப்பி முகத்திலை அடிக்கும், கண் வெந்து போகும்.

நான் சுத்த சைவம். அங்க சாப்பாட்டுக்கு என்ன செய்யிறது?
(நல்லூர் வாசகி)

கவலையே வேண்டாம் அக்கா, சைவந்தான் அங்க புத்தி. எவரெஸ்ட் இருக்கிற சாகர்மாதா தேசியப் பூங்காவுக்குள்ள மிருகம் வெட்டுறேல்லை, இறைச்சி எல்லாம் கீழ இருந்து நாள்கணக்கா முதுகிலை வந்து சேருறது, மச்சம் தின்னிற ஆக்களையே தின்னாதேங்கோ எண்டுதான் நான் சொல்லுறது. சோறும் பருப்பும் மரக்கறியும், அவை தால் பாத் எண்டுவினம், எங்கட வீட்டுச் சாப்பாடு மாதிரித்தான், கேட்டா இன்னொருக்காப் போடுவினம். உயரத்திலை பசி செத்துப்போகும், அப்ப கைகுடுக்கிறது ஊர்ச் சாமான்தான். நான் கொண்டு போனது பயத்தம் உருண்டை, எள்ளுப்பாகு, பருத்தித்துறை வடை, வறுத்த கச்சான். கோரக் ஷெப்பிலை விடிய நாலு மணிக்கு, வெளியில வைச்ச தண்ணியே உறைஞ்சு போய்க் கிடக்கு, பயத்தம் உருண்டை கல்லு மாதிரி, அதைக் கன்னத்துக்குள்ள அடக்கி வைச்சு ஊறவைச்சு ஊறவைச்சுத் தின்னேக்க வந்த மிளகு வாசத்தை எழுதிக் காட்டத் தெரியேல்லை. வேர்க்கொம்பும் மல்லியும் இடிச்சுக்கொண்டு போங்கோ, சுடுதண்ணி வாங்கிப் போட்டுக் குடிக்கலாம். ஒரு நாளைக்கு மூண்டு லீற்றர் அளவிலை தண்ணி குடியுங்கோ, சலம் வெள்ளையாப் போகுதோ எண்டு பாத்துக்கொள்ளுங்கோ.

அக்கா, கேக்க ஒரு மாதிரி இருக்கு. அந்த நாளுகள் வந்தா மலையிலை என்ன செய்யிறது? நிப்பாட்டக் குளிசை போடலாமோ?
(திருநெல்வேலி, பல்கலைக்கழக மாணவி)

இதிலை என்ன வெக்கம் பிள்ளை, நல்ல கேள்வி, பத்துப் பேர் கேக்க நினைச்சுக் கேக்காமல் விட்டது. உயரமும் குளிரும் களைப்பும் நாளை முன்ன பின்ன மாத்தும், அதாலை வராது எண்டு கணக்குப் பாத்திருந்தாலும் சாமான் கொண்டு போங்கோ. நாம்சே தாண்டினா வாங்கிறது கஸ்ரம். பாவிச்சதைப் போட இறுக்கமா மூடுற பை ரெண்டு மூண்டு வேணும், கண்ட இடத்திலை போடாமல் கீழ கொண்டு வாங்கோ. கை கழுவத் தண்ணி விறைக்கும், ஈரத் துவாய்ப் பைக்கற்றை உடம்போட வைச்சிருந்தா சூடா இருக்கும். நிப்பாட்டுற குளிசை டொக்டரைக் கேக்காமல் போடவே கூடாது, ஹோர்மோன் குளிசையளிலை சிலது இரத்தக்கட்டி வாற ஆபத்தைக் கூட்டும், உயரத்திலை இரத்தமும் தடிக்கிறது. இலங்கையிலை இருந்து முதன்முதலா எவரெஸ்ட் உச்சிக்குப் போனது ஒரு பொம்பிளை, ஜயந்தி குரு உதும்பால, 2016 மே மாசம் 21ஆம் திகதி. வீட்டிலை பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் உது எண்டு கேட்டா அதைச் சொல்லுங்கோ.

விசா, வழிகாட்டி, காப்புறுதி?
(வவுனியா வாசகர்)

நேபாளத்துக்கு எங்களுக்கு, சார்க் நாட்டுக்காரர் எண்டபடியா, வருசத்தின்ர முதல் பயணத்துக்கு 30 நாள் விசா இலவசம். பூங்கா நுழைவுக் கட்டணமும் சார்க் ஆக்களுக்குக் குறைவு, பாஸ்போட்டைக் காட்டி அந்த விலையைக் கேளுங்கோ. வழிகாட்டி கட்டாயம் எண்டு 2023 ஏப்ரலிலை நேபாளம் விதி கொண்டு வந்தது, எல்லாப் பாதையிலையும் ஒரே இறுக்கமாப் பாக்கிறேல்லை, ஆனா விதி இல்லாட்டியும் நான் வழிகாட்டியோடதான் போகச் சொல்லுவன், என்ர சூப் கோப்பையைப் பாத்தது அந்தத் தம்பிதானே. காப்புறுதியிலை சின்ன எழுத்தை வாசியுங்கோ, 6000 மீற்றர் வரைக்கும் நடையும் ஹெலிகொப்டர் மீட்பும் எண்டு எழுத்திலை இருக்க வேணும். லுக்ளா பிளேன் முகில் மூடினாப் பறக்காது, கொழும்பு ரிக்கெற்றுக்கு முன்னால ரெண்டு நாள் சும்மா விட்டு வையுங்கோ.

மகன் ஒக்டோபரிலை அன்னபூர்ணா பேஸ் காம்ப் போறான். போன் வேலை செய்யாதாம். நான் எப்பிடி அம்மா நித்திரை கொள்ளுறது?
(சாவகச்சேரி, ஒரு தாய்)

அம்மா, அது 4130 மீற்றர், எவரெஸ்ட் பக்கத்தை விடப் பதிவு, ஒக்டோபர் நல்ல மாசமும் கூட. மகன் வெளிக்கிட முதல் ஒரு கடதாசியிலை ஒவ்வொரு நாளும் எங்க படுக்கிறான், அது எத்தினை மீற்றர், எங்க சிக்னல் இருக்கும் இருக்காது எண்டு வழிகாட்டியிட்டைக் கேட்டு எழுதித் தரச் சொல்லுங்கோ, வழிகாட்டியின்ர நம்பரையும் சேத்து. அதை அடுப்படிக் கலண்டருக்குப் பக்கத்திலை ஒட்டுங்கோ. சிக்னல் இல்லாத நாள் எண்டு எழுதியிருக்கிற நாளிலை போன் வராட்டி அது பிழை இல்லை. போன் வாற நாளிலை "சாப்பிட்டியா" எண்டு கேளுங்கோ, எப்பவும் கேக்கிறதுதானே, ஆனா இந்த முறை பதிலை வடிவாக் கேளுங்கோ. "பசிக்கேல்லை அம்மா" எண்டு சொன்னா, அடுத்ததா "தலை இடிக்குதோ" எண்டு கேளுங்கோ.